பூ கேட்டுச் செய்த ஆபரேஷன்

1

என் அண்ணனுக்கு இருதய ஆபரேஷன் நடந்து வரும் வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். அதற்காக மன்னி கபாலி கோயிலில் அபிஷேகத்துக்குச் சொல்லியிருக்கிறாள். நேற்றுக் காலை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "வசு, சங்கல்பத்துல உங்க மூணு பேர் பேரையும் சேக்கச் சொல்றேன். உனக்கு சித்திரையா சுவாதியா, மறந்துபோச்சு. மாப்பிள்ளை, தாரிணி நட்சத்திரமும் உடனே அனுப்பு."

நான் அப்போது டிராமுக்காகக் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். ஜெர்மனியில், நியூரம்பர்க் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் கணவர், மகள் தாரிணியோடு இருக்கிறேன்; வந்து இருபத்திரண்டு வருஷம். செய்தியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அபிஷேகம் எதற்கு? வலது கை இன்னும் சரியாக வராத, ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை மூச்சு வாங்குகிற மனுஷனைத் திருப்பிக் கொடுத்ததற்கா? பதில் எழுதாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் குணம் புரியும். லிஃப்ட்டுகளுக்கு பிரேக் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கயிறு அறும், மின்சாரம் போகும், ஆட்கள் அளவுக்கு மேல் ஏறுவார்கள் என்று முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பெட்டி கீழே விழக் கூடாது. எதையும் யார்மேலும் பாரம் போட்டு விட்டுவிடாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அண்ணன் ரகு மயிலாப்பூரில் மாட வீதிக்கு ஒரு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிடப் பதினோரு வயது பெரியவன்.

2

போன வருஷம் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது அண்ணனுக்கு நெஞ்சை அடைத்தது. ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று அடைப்பு, அதில் ஒன்று மோசமான இடத்தில். பைபாஸ் செய்தாக வேண்டும், வாரக்கணக்கில் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் இங்கிருந்தே இரண்டாவது டாக்டரிடம் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரி, தேதி, ரத்தம் கொடுக்க ஆள் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் போனிலேயே முடித்தேன்.

மறுநாள் அண்ணன் கூப்பிட்டான். "உத்தரவு ஆகலை வசு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பூ கேட்டிருக்கிறான்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதற்கும் பூ கேட்பது வழக்கம். வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்கு இட்லிப்பூ. இரண்டையும் தனித்தனியாக ஒரே அளவு வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, சுவாமி அலமாரியில் படத்தின் முன்னால் வைக்க வேண்டும். கட்டுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் வேறொருவர். காரியம் யாருக்கோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். மல்லிகை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அண்ணனின் வேலை, என் கல்யாணம், என் ஜெர்மனிப் பயணம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் கேட்டார்கள். எனக்கு ஜெர்மனிக்கு மல்லிகை வந்தது. அதைச் சொல்லியே அண்ணன் என்னை மடக்குவான்.

இந்த முறை மன்னி கட்டியிருக்கிறாள், அண்ணன் எடுத்திருக்கிறான். சிவப்பு.

"யாரோட உத்தரவு அண்ணா? டாக்டர்தான் சொல்லியாச்சே."

"டாக்டருக்கும் மேல ஒருத்தர் இருக்கார்."

"அவர்தானே டாக்டருக்கும் புத்தியைக் குடுத்தார்."

"அதான் அவரையே நேரா கேட்டுட்டேன். ஒரு மண்டலம் போகட்டும். நாப்பத்தெட்டு நாள் பிரதட்சணம் பண்ணிட்டு மறுபடியும் கேக்கறேன்."

"நெஞ்சுல அடைப்பை வெச்சுண்டு பிரதட்சணமா? மனுஷன் பண்ண வேண்டியதைப் பண்ணாம சுவாமி தலையில போட்டா அதுக்குப் பேர் பக்தியா?"

"நீ லிஃப்ட் விழாம பாத்துக்கற. நான் லிஃப்ட்ல ஏறலாமான்னு கேக்கறேன். ரெண்டும் வேற வேலை" என்றான். கணக்கு வாத்தியாரிடம் வாதம் செய்து நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. போனை வைத்துவிட்டேன். பத்து நாள் பேசவில்லை.

3

கிளம்பிப் போய்விடலாம் என்றால் லீவு வேண்டுமே. அலுவலகத்தில் அதற்கு ஒரு படிவம். குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். கணவன், மனைவி, குழந்தை, தாய், தந்தை என்று ஐந்து கட்டங்கள். அண்ணனுக்குக் கட்டம் இல்லை.

பணியாளர் பிரிவில் இருந்த பெண் நல்லவள். "உங்கள் அண்ணன் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவருடைய பராமரிப்பு சட்டப்படி உங்கள் பொறுப்பா?" அதற்கும் இல்லை. "அப்படியானால் ஏன் நீங்கள் போக வேண்டும்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அப்பா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என்னைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து, விமானம் ஏற்றிவிட்டவன் அவன். இதையெல்லாம் அவர்கள் மொழியில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இறந்தகாலமும் எதிர்காலமும் குழம்பி, அண்ணன் செத்துப்போய்விட்டான் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வாயில் வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பதறிப்போய்த் திருத்தினேன். கடைசியில் அந்த வருஷத்து விடுமுறை முழுவதையும் போட்டு நாலு வாரம் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் துணி அடுக்கும்போது மகள் தாரிணி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதில் ஞாயிறுதோறும் மாமாவிடம் வீடியோவில் கணக்குப் படித்தவள். இப்போது தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். மாமாவிடம் பேசுவது பிறந்தநாளைக்கு மட்டும்தான்.

"மாமா ஏன் ஆபரேஷன் வேண்டாங்கறார்?" என்றாள். பூ கேட்பதை விளக்கினேன்.

"டாஸ் போடறதா?"

"டாஸ் இல்லடி. சுவாமிகிட்ட கேக்கறது."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சர்வ சாதாரணமாக, "அப்போ ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளையையே வெச்சுடு" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனாள்.

அபசாரம், அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். ஆனால் விமானம் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

4

லஸ் பக்கம் நுழைய முடியவில்லை. "மெட்ரோக்குத் தோண்டிக்கினு கீறாங்கம்மா, சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஆட்டோக்காரர்.

"கொஞ்சம் சீக்கிரம் போங்க. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை."

"நான் இன்னாம்மா பண்றது, முறுக்கிக்கினுதான் கீறேன். ரோடு வுடணும்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சந்துக்குள் புகுந்து, யாருடைய வாசல் கோலத்தையோ பாதி அழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அண்ணன் கோயிலுக்குப் போயிருந்தான். மன்னி எனக்குக் காப்பி கலந்துகொண்டிருக்கும்போது படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு படி ஏறுவான், நிற்பான். மறுபடி நாலு படி. இரண்டு மாடி ஏற அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. மன்னி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். "தெனமும் இப்படித்தான். நின்னா நான் எண்ணுவேன். அம்பதுக்கு மேல போனா கீழ ஓடுவேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது, ஆனாலும் அவனைத் தடுக்கவில்லையே என்று அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே வந்த அண்ணனின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. இருபத்தோராவது நாள் பிரதட்சணம் முடிந்தது என்று சிரித்தான். நான் அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக, கடல் தாண்டி வந்தவளுக்காக இன்னொரு தடவை கேள், மண்டலம் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது, இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்றேன். அவன் சுவாமி அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரி, சாயங்காலம் கட்டு" என்றான்.

நானே போய் மாட வீதியில் மல்லிகை வாங்கிவந்தேன். இட்லிப்பூ கீழே காம்பவுண்டில் பூத்திருந்தது. மன்னிக்குத் தெரிய வேண்டும் என்று அதிலும் ஒரு கொத்துப் பறித்து வந்து சமையலறை மேடையில் வைத்தேன். அவள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாழையிலையை இரண்டாகக் கிழித்தேன். இரண்டிலும் மல்லிகையை வைத்துக் கட்டினேன். இட்லிப்பூவைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, மறுநாள் அப்படியே செடியின் அடியில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். ஆகவே யாரும் கண்டுபிடிக்க முடியாது. பிரேக்கில் ஒரு திருகை இறுக்குகிற மாதிரிதான் நாரை இறுக்கினேன்.

அண்ணன் சட்டையைக் கழற்றி, விபூதி இட்டுக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினான். கையை நீட்டினான். ஒரு பொட்டலத்தின் மேலே வைத்தான், எடுக்கவில்லை. மற்றொன்றின் மேலே வைத்தான். மறுபடியும் முதலாவதற்குப் போனான். கடைசியில் ஒன்றை எடுத்து மன்னியிடம் கொடுத்தான். அவள் பிரித்தாள். "மல்லிப்பூதான்னா" என்றாள்.

"சரி" என்றான் அண்ணன்.

5

அடையாறு பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சம்மதப் படிவத்தில் மன்னி கையெழுத்துப் போட்டாள், சாட்சியாக நான். ரத்தப்போக்கு, தொற்று, பக்கவாதம், மரணம் என்று என்னவெல்லாம் நேரலாம் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. நான் ஒவ்வொன்றையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிவில், "எங்களால ஆனதை நாங்க செய்யறோம்மா. மத்தது மேல இருக்கறவர் கையில" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கத்தியைக் கையில் பிடிக்கிறவருமா இப்படிப் பேச வேண்டும்?

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் காலையில் அண்ணன் கண் விழித்தான். வலது கை எழவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. பக்கவாதம். படிவத்தில் மூன்றாவதாக இருந்தது.

டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் மறைக்காமல் பேசினார். இது சிலருக்கு வரக்கூடியது, யார் தப்பும் இல்லை, ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் இந்த மாதமே உயிர் போயிருக்கலாம் என்றார். என் அறிவு அதை ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஐ.சி.யூ வாசலில் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் பகவான் சித்தம், பகவான் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களால் அதைச் சொல்ல முடிந்தது. என்னால் முடியவில்லை. பகவானிடம் கேட்கவே விடாமல் நடுவில் புகுந்தவள் நான். பிரதட்சணம் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்து மேஜைமேல் படுக்க வைத்தது என் கை. நல்லது நடந்திருந்தால் என் சாமர்த்தியம் என்று பீற்றிக்கொண்டிருப்பேன். கெட்டது நடந்ததும் பாரத்தை இறக்கி வைக்க எனக்கு ஒரு இடம் இல்லை.

மன்னி என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "ஏன் இப்படிப் பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்துண்டிருக்க? சுவாமிதானே மல்லிப்பூவைக் குடுத்தார். அவரே பாத்துப்பார்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க என்னால் முடியவில்லை. எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயெடுத்தேன். அவளுக்கு இருக்கிற ஒரே பிடிப்பையும் பிடுங்கினால் அவனை யார் பார்த்துக்கொள்வது? லீவு முடிந்தது. விமானம் ஏறினேன்.

6

இந்த ஒரு வருஷத்தை எப்படித் தள்ளினேன் என்று எழுத எனக்கு ஆசையில்லை. வேலையில் தேறின பிரேக்கையே திரும்பத் திரும்பச் சோதித்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன். பக்கத்து மேஜைக்காரர் எதையும் நம்பாதவர். டிராமைப் பிடித்துவிட்டால்கூட, "கடவுளுக்கு நன்றி" என்று அவர்கள் மொழியில் பழக்கதோஷத்தில் சொல்வார். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அவரிடம் போய் என்ன சண்டை போடுவது?

அங்கே மன்னி தினமும் அவனைத் தூக்கி உட்கார வைத்தாள், குளிப்பாட்டினாள், விரல் விரலாக நீவிவிட்டாள். தண்ணீர் என்று சொல்ல வராதவனுக்குப் பாட்டு மட்டும் வார்த்தை பிசகாமல் வந்தது. அதனால் பாட்டிலேயே ஆரம்பித்துப் பேச்சுப் பழக்கினாள். இப்போது மெதுவாகப் பேசுகிறான். இரண்டு பிள்ளைகளுக்கு இடது கையால் எழுதிக் கணக்குகூடச் சொல்லிக் கொடுக்கிறான். நான் வாரம் இரண்டு முறை கூப்பிட்டு, மாத்திரை, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது.

7

நட்சத்திரம் கேட்ட செய்திக்கு நான் பதில் போடாததால் நேற்று மத்தியானம் அவர்களே வீடியோவில் கூப்பிட்டார்கள். அண்ணன்தான் போனைப் பிடித்திருந்தான். மன்னி உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள்.

"ஏன்... பதில் இல்லை?" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அண்ணா, சங்கல்பத்துல என் பேரைச் சேக்க வேண்டாம். அன்னிக்கு நான் ரெண்டு பொட்டலத்திலயும் மல்லியைத்தான் வெச்சேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு இடது கையால் மூக்கைத் தொட்டுக் காட்டினான். "தெரியும். ரெண்டுமே... மணந்துதே."

நான் திகைத்துப் போனேன். வாழையிலையில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மல்லிகை மணக்கும், இட்லிப்பூவுக்கு வாசனை கிடையாது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டாவதாக ஒன்று தோன்றியது. "அப்போ முதல் தடவை?"

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "மணக்காததை... எடுத்தேன். பயம், வசு. நெஞ்சை... அறுப்பாளேன்னு பயம். சுவாமி பேரைச் சொல்லிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "ரெண்டாந்தரம் மணக்காதது... இல்லவே இல்லை. சரி, போறதுன்னு... போனேன்."

எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, கோபம். "இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வருஷமா நான் செத்துண்டிருக்கேன்."

"எப்படிச் சொல்ல? என் திருட்டும்... வெளில வருமே" என்றான். பிறகு மெதுவாகச் சிரித்தான். "பாவம். நாம ரெண்டு பேருமா... அவரைப் பேசவே விடலை."

"என்ன ரெண்டு பேரும் பூவைப் பத்திப் பேசிண்டிருக்கேள்?" என்று மன்னியின் குரல் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே திரையில் வந்து நின்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிண்டிருக்கியா வசு? மறுநாள் அந்த இன்னொரு பொட்டலத்தைச் செடிக்கடியில போட்டது யாரு? நார் அவுந்துபோச்சு. உள்ள பூரா மல்லி."

"தெரிஞ்சுண்டேவா அன்னிக்கு ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னேள்?"

"உன் மூஞ்சியப் பாக்க சகிக்கலை. அதான் சொன்னேன்."

"அப்போ இந்த அபிஷேகம் எதுக்கு மன்னி? பூவை சுவாமி குடுக்கலைன்னுதான் உங்களுக்கே தெரியுமே."

மன்னிக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் அவள் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. "பூவுக்கு யார் அபிஷேகம் பண்றா? எண்பது கிலோ மனுஷன் இவர். நாப்பத்தெட்டு கிலோ நான். ஒரு வருஷமா தெனமும் நாலு தடவை தூக்கி உக்காத்தி வெச்சிருக்கேன். நீ ஊருக்குப் போயிட்ட. இவருக்கு எழுந்துக்க வராது. அந்த பலத்தை எனக்கு யார் குடுத்தா? நீயா குடுத்தே?"

அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நான் கொடுத்தது ஆஸ்பத்திரித் தேதி, இரண்டாவது டாக்டரின் கருத்து, வாரம் இரண்டு போன், ஒரு பொட்டலம் மல்லிகை. அவள் முதுகுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. அது வலிக்கிறதா என்றுகூட இந்த ஒரு வருஷத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.